பஞ்சமத்தில் வந்து சட்சமத்தில் போன விமானம்

1986, 87இல் யாழ்ப்பாணத்து அரியாலையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏழாம் வாய்பாட்டுக்கு முந்தியே வானத்துச் சத்தங்கள் பாடமாகிவிட்டன. ஹெலி வந்தால் நெஞ்சுக்கூட்டில் தட்டும். அவ்ரோ வந்தால் இரண்டு எஞ்சினும் சேர்ந்து நீளமாக இரையும். இரண்டுமில்லாமல் கூரான ஒற்றைக் குரல் ஒன்று வானத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தால் அது சியாமாசெட்டி. மாம்பழம் சந்தியில் நின்றவர்களும் நெடுங்குளத்துப் பக்கம் நின்றவர்களும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் பங்கருக்குள் இறங்கினார்கள். இத்தாலியின் சியாய் மார்க்கெற்றி நிறுவனம் செய்த எஸ்.எஃப். 260 என்ற விமானம் அது. இலங்கை வான்படை 1985இல் வாங்கியது, அதில் சுழலி எஞ்சின் பூட்டிய வகையை.

ஊர் அதைப் ‘பொம்மர்’ என்றது. விமானப் பொறியியல் நூலைத் திறந்தால் அது பொம்மர்களின் பக்கத்தில் இருக்காது. பயிற்சி விமானங்களின் பக்கத்தில் இருக்கும். ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கமாக இருக்க இரண்டு இருக்கை, பின்னால் ஒடுங்கிய மூன்றாவது இருக்கை ஒன்று, வானத்தைப் பார்க்கப் பெரிய கண்ணாடி மூடி. அதன் பரம்பரையை இன்னும் பின்னோக்கிப் போனால், வார விடுமுறைக்கு மிலானிலிருந்து கடற்கரைக்குப் பறந்துபோக ஆசைப்பட்டவர்களுக்காகச் செய்த மர விமானம் ஒன்றில் போய் நிற்போம். பறக்கப் பழக்கவும் ஊர் சுற்றவும் செய்த பொருள் எங்கள் பனைகளுக்கு மேலே குண்டோடு சுற்றியது எப்படி? இதற்கான விடையில் பாதி அரசியல். மற்றப் பாதி விமானத்தின் இறக்கைக்குள்ளேயே இருக்கிறது. இந்த அத்தியாயம் அந்த மற்றப் பாதியைப் பற்றியது.

ஸ்தெலியோ ஃபிராத்தி 1919இல் மிலானில் பிறந்தவர். எந்தத் தொழிற்சாலைக்கும் நிரந்தரமாகக் கட்டுப்படாமல், தானே வரைந்து, வரைபடத்தைச் செய்வோரிடம் கொடுத்தவர். போர் முடிந்த இத்தாலியில் பெரிய விமானம் செய்யப் பணமில்லை. தச்சுவேலை தெரிந்த கைகள் நிறைய இருந்தன. அவர் வரைந்த ஃபல்கோ 1955 ஜூன் 15ஆம் திகதி முதன்முதலாகப் பறந்தது. உடல், இறக்கை எல்லாம் மரம். மேலே ஒட்டுப்பலகைத் தோல். இரண்டு பேர் பக்கத்தில் பக்கமாக இருக்கலாம். சில்லுகள் பறக்கும்போது உள்ளே மடங்கும். முதல் மாதிரியில் இருந்தது 90 குதிரைவலு எஞ்சின்தான். பின்பு வந்த 160 குதிரைவலு ஃபல்கோவின் உச்ச வேகம் மணிக்கு ஏறக்குறைய 325 கிலோமீற்றர்.

இந்த எண் எவ்வளவு பெரியது என்று விளங்க அதே காலத்து இன்னொரு இரட்டை இருக்கை விமானத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் எங்களுக்கு அந்நியமானதல்ல. போலந்திலிருந்து போரால் இடம்பெயர்ந்து கனடா போய்ச் சேர்ந்த பொறியியலாளர் யாகிமியூக் வரைந்த சிப்மங்க், 1946 மே 22ஆம் திகதி ரொறன்ரோவை அடுத்த டவுன்ஸ்வியூவில் முதன்முதலாகப் பறந்தது. கனடா, பிரித்தானியா, போர்த்துக்கல் ஆகிய மூன்று நாடுகளிலுமாக ஏறக்குறைய 1,280 சிப்மங்குகள் செய்யப்பட்டன. 1951 மார்ச் 2ஆம் திகதி றோயல் சிலோன் வான்படை தொடங்கியபோது அதன் முதல் விமானங்கள் சிப்மங்குகளே. இந்த நாட்டின் வான்படை பறக்கப் பழகியது இவற்றில்தான். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் பெங்களூரில் காட்கே வடிவமைத்த எச்.ரி. 2 என்ற பயிற்சி விமானமும் முதன்முறை பறந்தது. புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் விமானி பழக்க அவசரப்பட்ட காலம் அது.

சிப்மங்க்கின் எஞ்சின் 145 குதிரைவலு. உச்ச வேகம் மணிக்கு 222 கிலோமீற்றர். ஃபல்கோவின் எஞ்சின் அதைவிடப் பத்து வீதம்தான் வலுக்கூடியது, ஆனால் வேகம் நூறு கிலோமீற்றருக்கு மேல் கூட. காற்றில் இது சின்ன விசயமல்ல. வேகம் இரட்டித்தால் காற்றின் இழுவை நான்கு மடங்காகும். அந்த இழுவையை அந்த வேகத்தில் வெல்ல வேண்டிய வலு எட்டு மடங்காகும். வலு வேகத்தின் கன அளவில் கூடுகிறது. கணக்குப் போட்டால், சிப்மங்க்கை மணிக்கு 325 கிலோமீற்றரில் இழுக்க 450 குதிரைவலு வேண்டும். ஃபிராத்தி அதை 160இல் செய்தார். அதாவது காற்றுக்குக் காட்டும் தடையைக் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்றாகக் குறைத்தார்.

எங்கே குறைத்தார்? ஒரு பகுதி கண்ணுக்கே தெரியும். சிப்மங்க்கின் சில்லுகள் எப்போதும் வெளியே தொங்கும். ஃபல்கோவின் சில்லுகள் மடங்கிவிடும். மற்றது இறக்கையின் வெட்டுமுகம். அமெரிக்காவின் நாகா நிறுவனம் போருக்குச் சற்று முன்னும் போர்க்காலத்திலும் செய்த ஆறாம் வரிசை வெட்டுமுகங்களை ஃபிராத்தி எடுத்தார். எஸ்.எஃப். 260க்கும் அதே குடும்பம்தான்: 64-212. இந்த எண்ணை வாசிக்கத் தெரிந்தால் இறக்கையையே வாசிக்கலாம். 6 வரிசையின் பெயர். 4 என்றால் இறக்கையின் அகலத்தில் 40 வீதம் பின்னால் போன இடத்தில்தான் காற்றழுத்தம் ஆகக் குறைவாக இருக்கும். 2 என்பது எந்த அளவு தூக்கில் இறக்கை ஆகச் சிக்கனமாக வேலை செய்யும் என்பதைச் சொல்கிறது. கடைசி 12, தடிப்பு அகலத்தின் 12 வீதம் என்கிறது.

இவற்றில் முக்கியமானது இரண்டாவதாக நிற்கும் அந்த 4. அழுத்தம் குறைந்துகொண்டே போகும் திசையில் காற்று ஓடும்வரைக்கும் அது ஆர்முடுகிக்கொண்டே போகும். அப்படிப் போகும் காற்று மேற்பரப்பை ஒட்டிப் படைபடையாக, ஒன்றோடொன்று கலக்காமல் வழுக்கும். அழுத்தம் திரும்பக் கூடத் தொடங்கியதும் படைகள் குழம்பிக் கொந்தளிக்கும். குழம்பிய காற்றின் உராய்வு பல மடங்கு. பழைய இறக்கைகளில் இந்தக் குழப்பம் முன்விளிம்புக்குக் கிட்டவே தொடங்கிவிடும். ஆறாம் வரிசை அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: மேற்பரப்பு அவ்வளவு ஒப்பரவாக இருக்க வேண்டும். ஓர் ஆணித்தலை எழும்பி நின்றாலும், அந்திநேரத்தில் மோதிச் செத்த கொசு ஒன்று ஒட்டியிருந்தாலும், அதற்குப் பின்னால் ஆப்பு வடிவில் காற்று குழம்பிவிடும். ஃபல்கோ மரத்தில் செய்யப்பட்டது பணமில்லாததால் மட்டுமல்ல. ஒட்டுப்பலகையில் ஆணித்தலை இல்லை. பின்னாளில் எஸ்.எஃப். 260 உலோகத்துக்கு மாறியபோது ஒவ்வொரு தறையாணியும் தோலோடு மட்டமாகப் புதைக்கப்பட்டது.

இப்படிச் சிக்கனமாகச் செய்த இறக்கைக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர் மாணவர்.

இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடக் கூடத் தூக்கும் கூடும், ஓர் எல்லைவரை. ஏறக்குறைய 15 பாகையில் மேற்பரப்புக் காற்று ஒட்ட முடியாமல் பிரிந்துவிடும். தூக்கு சடாரென்று விழும். விமானிகள் இதை ‘ஸ்டோல்’ என்பார்கள்; நான் தூக்கிழப்பு என்றே எழுதுகிறேன். எஞ்சின் நிற்பதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. எஞ்சின் முழு வலுவோடு இரைந்துகொண்டிருக்கும்போதே இறக்கை கைவிடலாம். பயிற்சி விமானம் ஒன்றின் தரத்தை நான் அளப்பது இந்த இடத்தில்தான்: கைவிடுவதற்கு முன் அது மாணவருக்குச் சொல்கிறதா, சொன்னால் எவ்வளவு நேரத்துக்கு முன் சொல்கிறது.

முன்விளிம்பு தடித்து உருண்ட பழைய இறக்கையில் காற்று பின்னாலிருந்து முன்னுக்கு மெல்ல மெல்லப் பிரியும். பிரிந்த காற்று வாலில் மோதி விமானம் நடுங்கும். கையில் பிடித்திருக்கும் தடியில் அது தெரியும். மெல்லிய, முன்விளிம்பு கூர்ந்த இறக்கையில் இந்த இடைவெளி குறைவு. அதனால்தான் வடிவமைப்பாளர்கள் இறக்கையைச் சற்று முறுக்குகிறார்கள்: அடியில் கோணம் கூட, நுனியில் குறைய. அப்போது முதலில் கைவிடுவது அடிப்பகுதி. நுனியிலுள்ள கட்டுப்பாட்டு மடல்கள் இன்னும் சிறிது நேரம் கையில் நிற்கும். ஃபிராத்தியும் முறுக்கினார்.

இதற்கு அடுத்த எண், இறக்கையின் ஒவ்வொரு சதுர மீற்றரும் எத்தனை கிலோவைச் சுமக்கிறது என்பது. சிப்மங்க் 914 கிலோ. இறக்கை 16 சதுர மீற்றர். மீற்றருக்கு 57 கிலோ. ஃபல்கோ 82 கிலோ. எஸ்.எஃப். 260 வானவித்தை செய்யும்போது 1,100 கிலோ, இறக்கை 10.1 சதுர மீற்றர், ஆகவே 109 கிலோ. சிப்மங்க்கின் இரட்டிப்புக்குக் கிட்ட. தூக்கிழக்கும் வேகம் இந்த எண்ணின் வர்க்கமூலத்தோடு போவதால், மற்றெல்லாம் சமமென்றால் 260 ஏறக்குறைய 38 வீதம் கூடிய வேகத்தில் கைவிடும். இறங்கும்போது பின்விளிம்பில் கீழே தாழ்த்தும் அதன் பெரிய மடல்கள் அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கை மீட்டுக் கொடுக்கின்றன. பலாலி விமானத்தளத்து வெயிலையும் சேர்க்க வேண்டும். 32 பாகை செல்சியஸ் வெப்பத்தில் காற்றின் அடர்த்தி, கைநூல் கணக்குகள் எடுத்துக்கொள்ளும் 15 பாகைக் காற்றைவிட ஐந்து வீதத்துக்கு மேல் குறைவு. இறக்கைக்கும் எஞ்சினுக்கும் ஒரே நேரத்தில் அந்த நட்டம் விழும். தரையை விட்டெழும்ப ஓட வேண்டிய தூரம் பத்து வீதத்துக்கு மேல் நீளும்.

சிப்மங்க்கும் புனிதப் பசு அல்ல. அதன் சுழல் வீழ்ச்சி, அதாவது ஓர் இறக்கை கைவிட்டு மற்றது கைவிடாமல் திருகிக்கொண்டு விழுவது, சில விபத்துகளுக்குப் பின் கவலை தந்தது. வாலுக்கு முன்னால் உடலின் இரு பக்கமும் மெல்லிய உலோகப் பட்டைகளைப் பொருத்தினார்கள். சுழற்சியிலிருந்து மீள அவை உதவின. என்றாலும் ஒருவர் முதலில் பழக இவ்விரண்டில் எதைக் கொடுப்பாய் என்று கேட்டால் யோசிக்காமல் சிப்மங்க் என்பேன். ஃபிராத்தியின் விமானம் அழகு. யாகிமியூக்கின் விமானம் ஆசிரியர்.

ஃபல்கோவின் உலோகத் தம்பி 1964 ஜூலை 15ஆம் திகதி பறந்தது. 250 குதிரைவலு எஞ்சினோடு அப்போது அதற்கு எஃப். 250 என்று பெயர். 260 குதிரைவலு லைக்கோமிங் எஞ்சின் வந்ததும் எஸ்.எஃப். 260. 1969இலிருந்து பெல்ஜிய வான்படை தன் மாணவர்களை இதில் பழக்கத் தொடங்கியது. 1972இல் இறக்கைக்குக் கீழே சுமைக்கொக்கிகளோடு ‘வொரியர்’ என்ற வகை வந்தது: 300 கிலோவரை ஆயுதம் தொங்கவிடலாம். சுழலி எஞ்சின் வகை 1980இல். எஞ்சின் 350 குதிரைவலு.

முக்கால் தொன் எடையுள்ள ஒரு பயிற்சி விமானம் எப்படி 300 கிலோ ஆயுதத்தைத் தூக்கும்? நான் அறிந்தவரையில் இதுதான் அந்த விமானத்தின் மர்மத்தின் நடு. வானவித்தை பழகும் மாணவர் பிழை விடுவார். குப்புறப் பாய்ந்துவிட்டுப் பயத்தில் தடியைப் பிடித்து இழுப்பார். அந்த நொடியில் விமானத்தின் எடை ஐந்து, ஆறு மடங்காகத் தோன்றும். அதனால் இறக்கை, 1,100 கிலோவில் புவியீர்ப்பின் ஆறு மடங்கைத் தாங்கக் கட்டப்படுகிறது: 6,600 கிலோவுக்குச் சமமான சுமை. சாதாரணப் பயண விமானத்துக்கு நான்கு மடங்கு கூடத் தேவையில்லை. இப்போது அதே இறக்கையில் இன்னும் 200 கிலோவை ஏற்றுங்கள். 6,600ஐ 1,300ஆல் பிரித்தால் ஐந்து மடங்குக்குச் சற்று மேல் இன்னும் மிச்சம். பெரிதாக எதையும் மாற்றத் தேவையில்லை. மாணவரின் பிழைக்கென்று ஒதுக்கி வைத்த வலிமைதான் குண்டைத் தூக்கும் வலிமையாக மாறியது. ஒரு பயிற்சி விமானம் எவ்வளவுக்கெவ்வளவு மாணவரை மன்னிக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு அதைப் போருக்கு மாற்றுவது இலகு. கணக்கில் இரண்டும் ஒரே எண்.

பெரிய கண்ணாடி மூடியும் அப்படித்தான். மாணவர் ஓடுபாதையைத் தேடவென்று வைத்தது. கீழே எதைத் தேடவும் உதவும். மண் தரையில் இறங்க எழும்ப முடிவதும், ஒரு சில ஆட்கள் நின்று பராமரித்துவிடக் கூடியதும் பறத்தல் சங்கங்களின் தேவைகள். செலவழிக்கப் பணமில்லாத வான்படைகளின் தேவைகளும் அவைதான்.

அடுத்தது வேகம். மெதுவான விமானம் குறைந்த ஆபத்து என்று நினைப்பவர்கள் வட்டமடித்தலின் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். சாய்ந்து திரும்பும் விமானத்தின் வட்ட ஆரை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 60 பாகை சாய்ந்து மணிக்கு 250 கிலோமீற்றரில் திரும்பினால் ஆரை 284 மீற்றர். ஒரு முழு வட்டத்துக்கு 26 விநாடி. அதே சாய்வில் மணிக்கு 700 கிலோமீற்றரில் போகும் ஜெட்டுக்கு ஆரை 2,200 மீற்றருக்கு மேல். வட்டத்தின் விட்டம் நாலரைக் கிலோமீற்றர். நேரம் 72 விநாடி. அரியாலையின் மேல் திரும்பத் தொடங்கும் ஜெட் வட்டத்தை முடிப்பதற்குள் கடலேரிக்கு மேலே போய்விடும். 260 கண்டி வீதிக்கும் கடலேரிக்கும் இடைப்பட்ட துண்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு, கீழே எதுவும் விமானியின் கண்ணைவிட்டு அகலாமல், அரை நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பித் திரும்பி வரலாம். ‘போட்டுட்டுப் போகாமல் நிண்டு சுத்துது’ என்று பெரியவர்கள் சொன்னது இந்தச் சமன்பாட்டைத்தான்.

மெதுவான வேகம் கீழே இருப்பவர்களுக்கு ஒரு நன்மையும் செய்தது. அது நேரம். 30 பாகை வெப்பத்தில் ஒலியின் வேகம் விநாடிக்கு 349 மீற்றர். ஐந்து கிலோமீற்றர் தொலைவில் எழும் சத்தம் எங்களை வந்தடைய 14 விநாடி. அந்தத் தொலைவை விநாடிக்கு 69 மீற்றர் போகும் 260 கடக்க 72 விநாடி. ஆகவே சத்தம் கேட்டதிலிருந்து விமானம் தலைக்கு மேல் வரும்வரை 58 விநாடி கையில் இருக்கும். குசினியிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்க அது போதும். விநாடிக்கு 250 மீற்றர் போகும் ஜெட் என்றால் ஆறு விநாடிகூட இல்லை. பின்னாளில் ஜெட் வந்தபோது ஊரின் பழைய பழக்கங்கள் பல உதவாமற் போனதற்கு இந்த ஆறு விநாடி காரணம்.

சத்தத்தைக் கேட்டதும் அது வரும் திசையில் வானத்தைப் பார்த்தால் விமானம் அங்கே இருக்காது, அதற்கு முன்னால் இருக்கும். ஒரு கிலோமீற்றர் தூரத்துச் சத்தம் வந்துசேர எடுக்கும் மூன்று விநாடிக்குள் 260 இருநூறு மீற்றர் நகர்ந்திருக்கும். சிறுவர்கள் இதை ஒருவரும் சொல்லிக் கொடுக்காமலே பழகியிருந்தார்கள். சத்தத்துக்குச் சற்று முன்னால் பார்ப்பார்கள்.

இனிச் சுருதி. விமானத்தின் சத்தத்தில் காதுக்குள் முதலில் நிற்பது எஞ்சினைவிட மூக்கில் சுற்றும் விசிறி. மூன்று அலகுள்ள விசிறி நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் விநாடிக்கு 100 முறை காற்றைத் தட்டும், மீடிறன் 100. இவ்வகை விசிறியின் அலகுகள் தாமே கோணத்தை மாற்றிச் சுற்றும் வேகத்தை ஒரே அளவில் வைத்திருக்கும். ஆகவே விமானம் பாய்ந்தாலும் ஏறினாலும் விசிறி பாடும் சுருதி பெரிதாக மாறாது. நாங்கள் கேட்கும் சுருதி மாறுகிறதென்றால் அது விமானத்தின் அசைவால். உயர்தர வகுப்பில் தொப்பிளர் விளைவு என்று படிப்பது இதுதான். எங்களை நோக்கி வரும்போது அலைகள் நெருக்கப்பட்டு 100 என்பது 125 ஆகக் கேட்கும். கடந்து விலகும்போது அலைகள் நீண்டு 83 ஆகக் கேட்கும். 125ஐ 83ஆல் பிரித்தால் ஒன்றரை.

ஒன்றரை என்ற விகிதம் சங்கீதம் படித்தவர்களுக்கு முகம் தெரிந்த ஆள். சட்சமத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையிலுள்ள விகிதம் அது. மணிக்கு 250 கிலோமீற்றரில் தலைக்கு மேலே கடக்கும் எந்தப் பொருளும் பஞ்சமத்தில் வந்து சட்சமத்தில் போகும். விசிறியின் அலகு மூன்றானாலும் இரண்டானாலும், எஞ்சின் எதுவானாலும், விகிதம் மாறாது. வேகம் மட்டும்தான் அதைத் தீர்மானிக்கிறது. சித்திவிநாயகர் கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுகள் அந்த இறக்கத்தை அடையாளம் வைத்திருந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

இதைவிடப் பயனுள்ள செய்தி ஒன்றும் அந்தச் சுருதியில் இருந்தது. விமானம் பக்கத்தால் விலகிக் கடக்கப் போகிறதென்றால் சுருதி முன்கூட்டியே மெல்ல இறங்கத் தொடங்கிவிடும். எவ்வளவு தூரத்தால் கடக்கிறதோ அவ்வளவு மெதுவாக இறங்கும். சத்தம் கூடிக்கொண்டே வந்தும் சுருதி இறங்காமல் நின்றால், அது நேரே எங்களை நோக்கி வருகிறது என்று பொருள். முற்றத்தில் நின்று ஒரு கணம் காதைக் கொடுத்துவிட்டு ‘இது அங்கால போகுது’ என்றோ ‘உள்ளுக்கு ஓடுங்கோ’ என்றோ சொன்ன அப்பாச்சிமார் எந்தச் சூத்திரமும் அறியாமல் சரியான பௌதிகத்தைத்தான் செய்தார்கள்.

பயிற்சி விமானத்தின் இந்த மாறாட்டம் எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1969 மே 22ஆம் திகதி நைஜீரியாவின் போர்ட் ஹார்க்கோட் விமானத்தளத்தை ஐந்து சிறு விமானங்கள் மரங்களின் உயரத்தில் வந்து தாக்கின. பியாஃப்ராவுக்காகப் பறந்த சுவீடன் பிரபு கார்ல் குஸ்தாஃப் ஃபொன் றோசனின் அணி அது. விமானம், சுவீடனில் செய்த எம்.எஃப்.ஐ. 9. இரண்டு இருக்கை, 100 குதிரைவலு, ஊர் சுற்றவும் பழகவும் செய்தது. இறக்கையின் கீழே ரொக்கெற்றுகள்.

இங்கேயும் காலம் திரும்பியது. 2007 மார்ச் 26ஆம் திகதி அதிகாலைக்கு முன் விடுதலைப் புலிகளின் விமானங்கள் கட்டுநாயக்கவைத் தாக்கின. படங்களைப் பார்த்த விமான ஆய்வாளர்கள் அவற்றைச் செக் நாட்டின் ஸ்லின் 143 என்று இனங்கண்டார்கள்: நான்கு இருக்கையுள்ள பயிற்சி, பயண விமானம். அதன் எஞ்சின் லைக்கோமிங் ஓ-540 குடும்பம். ஃபிராத்தியின் முதல் எஸ்.எஃப். 260இல் இருந்ததும் அதே குடும்பம்: கிடையாகப் படுத்த ஆறு உருளை, காற்றாலேயே குளிரும், கொள்ளளவு ஒன்பது லீற்றருக்குச் சற்றுக் குறைவு. 1985இல் அரசும் இருபத்திரண்டு ஆண்டு கழித்துப் புலிகளும் ஒரே கடையின் ஒரே தட்டிலிருந்துதான் பொருள் எடுத்தார்கள் என்று சொன்னால் அது மிகையல்ல. மெதுவான, சிறிய, குறைந்த வெப்பம் விடும் விமானத்தை இரவில் தேடிப் பிடிப்பது வேகமான போர் விமானத்துக்கு எவ்வளவு கடினம் என்பதைப் பிறகு கொழும்பும் அறிந்துகொண்டது.

ஆயுதக் கட்டுப்பாடு பேசுவோர் இவ்வகை விமானங்களை எந்தப் பட்டியலில் போடுவதென்று தடுமாறுவது இதனால்தான். கொக்கியைக் கழற்றினால் பள்ளிக்கூடம், மாட்டினால் போர். கொக்கியைத் தடைசெய்யலாம், ஆறு மடங்கு தாங்கும் இறக்கையை எப்படித் தடைசெய்வது? அதைத் தடைசெய்தால் பழகும் பிள்ளைகள் விழுந்து சாவார்கள். ஃபிராத்தியைக் குற்றஞ்சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2010இல் அவர் இறந்தபோது விமானப் பிரியர்கள் அவரைச் சிற்பி என்றே எழுதினார்கள். ஃபல்கோவைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ‘வொரியர்’ கொக்கிகளை ஒரு விற்பனைப் பட்டியலில் அச்சடித்து நாடு நாடாகக் கொண்டு போனவர்களின் கணக்கு வேறு.

2019 ஒக்ரோபர் 17ஆம் திகதி பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னையிலிருந்து பயணிகள் விமானம் வந்து இறங்கியது. அதற்குப் பிறகு விமானியாக வேண்டும் என்று சொல்லும் பிள்ளைகளை இந்தப் பக்கத்தில் அடிக்கடி சந்திக்கிறேன். பழகுவதற்கு அவர்கள் இரத்மலானைக்குத்தான் போகிறார்கள். அங்குள்ள பறத்தல் பள்ளிகளில் காத்திருப்பது பெரும்பாலும் செஸ்னா: 152 என்றால் இரண்டு இருக்கை, 110 குதிரைவலு, 1977க்கும் 1985க்கும் இடையில் செய்த பழைய வண்டி. அதன் இறக்கை சதுர மீற்றருக்கு 51 கிலோ சுமக்கிறது. சிப்மங்க்கின் 57க்குப் பக்கத்து எண். பழகுவதற்கு எது நல்லது என்பதில் எழுபது ஆண்டாகப் பொறியியல் தன் எண்ணத்தை அதிகம் மாற்றவில்லை.

அப்படிப் போகிறவர்களுக்கு ஒரு சொல். முதல் சில பாடங்களுக்குள்ளேயே, போதிய உயரத்தில், தூக்கிழப்பைக் காட்டச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். எஞ்சின் இரைச்சல் குறையும், மூக்கு மெல்ல எழும்பும், எச்சரிக்கைச் சத்தம் ஒன்று ஊதும், தடி கையில் நடுங்கும், பிறகு மூக்கு தானாகவே விழும். அப்போது தடியை இழுக்க வேண்டும் போலக் கை துடிக்கும். இழுக்காதீர்கள். முன்னுக்குத் தள்ளுங்கள், இறக்கை திரும்பவும் காற்றைப் பிடித்துக்கொள்ளும்.